மெய்நிகர் இயந்திரங்களுக்கு நேரம் சொல்ல வேண்டியது யார்?

இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் ஓர் ஆணை பிறப்பித்தது. தரவு மையங்களும் நிறுவனங்களும் தங்கள் கணினிகளின் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரம் வழங்கும் என்.டி.பி. சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து வழிவழியாக நேரம் பெறும் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. நேரம் பிசகிய லாக் சாட்சியத்துக்கு உதவாது. எனவே ஆணையின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இன்று சர்வர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தனி இயந்திரம் அன்று. ஒரே ஹோஸ்ட் கணினியின்மேல் ஓடும் பல மெய்நிகர் இயந்திரங்களில் அதுவும் ஒன்று. கெஸ்ட் எனப்படும் இந்த மெய்நிகர் இயந்திரங்கள் தனித்தனியே வலையமைப்பில் போய் நேரம் கேட்பதைவிட, ஹோஸ்ட் கேட்டறிந்து அவற்றுக்குப் பகிர்வதே சரியான முறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இம்முறைக்கு ரயில்வேயிலேயே முன்னுதாரணம் உண்டு. மதுரை மாநகராட்சியோடு 2011இல் இணைந்த ஆனையூர், ஏறத்தாழ 78.1 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. இந்தியச் சீர்நேரத்துக்கு அடிப்படையான 82.5 பாகையைவிட இங்கே சூரியன் சராசரியாகப் பதினேழரை நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது. 1875இல் ரயில் மதுரையை எட்டியபோது ஊர்ப்பொழுதை நம்பி வண்டி விட முடியவில்லை. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தின் நேரமே, மதுரைப் பொழுதைவிட எட்டரை நிமிடம் முந்தியிருந்தபோதும், ரயில்வேயின் நேரமாயிற்று. 1906 ஜனவரி 1இல் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. நிலைய அதிகாரி எவரும் நட்சத்திரம் பார்த்து நேரம் கணிக்கவில்லை. அளப்பது ஓரிடத்தில், நல்ல கருவியோடு நடந்தது. மற்ற இடங்களுக்குத் தந்தி கொண்டு சேர்த்தது. ஒருமுறை சரிசெய்துவிட்டு அப்படியே விட்டால் எந்தக் கடிகாரமும் விலகும் என்பதால், நேரக் குறிப்பு திரும்பத் திரும்ப வரவேண்டியிருந்தது. மெய்நிகர் இயந்திரங்களில் நழுவுவது இந்தத் தொடர்ச்சிதான்.

மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கே.வி.எம். ஹைப்பர்வைசரில் உள்ள கே.வி.எம்.-கிளாக்கை எடுத்துக்கொள்வோம். கெஸ்ட் தன் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியின் முகவரியை ஹைப்பர்வைசருக்குக் கொடுக்கிறது. பிராசஸரின் துடிப்புகளை எண்ணும் டி.எஸ்.சி. எண்ணி இன்ன எண்ணைக் காட்டியபோது கடந்திருந்த நானோநொடிகள் எத்தனை, ஒரு துடிப்பை நானோநொடியாக மாற்றும் பெருக்கெண் எது என்ற விவரங்களை ஹைப்பர்வைசர் அங்கே எழுதுகிறது. எழுதத் தொடங்கும்போது பதிப்பெண் ஒற்றைப்படையாகிறது, முடிந்ததும் இரட்டைப்படையாகிறது. கெஸ்ட் படிப்பதற்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்க்கிறது; ஒற்றைப்படையாக இருந்தாலோ இடையில் மாறியிருந்தாலோ மறுபடி படிக்கிறது. பூட்டும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஹைப்பர்வைசரை அழைக்கவும் வேண்டாம். மிகச் சிக்கனமான வடிவமைப்பு இது.

ஆனால் இது சொல்வது கடந்துபோன கால அளவை மட்டுமே. இப்போது மணி என்ன என்பதைக் கெஸ்ட் தொடங்கும்போது ஒருமுறை பெற்றுக்கொள்கிறது. அதன்பின் ஹோஸ்டில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி மென்பொருள் செய்யும் திருத்தங்கள் இவ்வழியாகக் கெஸ்டுக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. பத்து லட்சத்தில் 10 பங்கு வேகப்பிழை இருந்தால்கூட ஒரு நாளில் 0.86 நொடி விலகிவிடும். கிளாக்சோர்ஸ் கோப்பைத் திறந்து கே.வி.எம்.-கிளாக் என்ற பெயரைக் கண்டதும் ‘நேரம் சரியாக வருகிறது’ என்று முடிவுகட்டும் நிர்வாகிகள் பலர். எண்ணி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். சரியான மணி கிடைக்கவில்லை.

கெஸ்டிலேயே என்.டி.பி. ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். விலகல் கட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் பொட்டலம் போகும் நேரமும் திரும்பும் நேரமும் சமம் என்று என்.டி.பி. கருதுகிறது, அவை வேறுபட்டால் வேறுபாட்டில் பாதி பிழையாகிறது. கெஸ்டின் பிராசஸரோ எல்லா நேரமும் ஓடுவதில்லை. பதில் வந்த கணத்தில் ஹோஸ்ட் வேறொரு கெஸ்டுக்கு முறை கொடுத்திருந்தால் அந்தக் காத்திருப்பும் கணக்கில் ஏறுகிறது. 2017இல் வெளியான லினக்ஸ் 4.11 இதற்கு மாற்று தந்தது. பி.டி.பி.-கே.வி.எம். டிரைவர் வழியே கெஸ்ட் கேட்டால், ஹோஸ்டின் திருத்தப்பட்ட மணியும் அதே கணத்தின் டி.எஸ்.சி. எண்ணும் ஒரு ஜோடியாகக் கிடைக்கின்றன. குரோனி இதைத் தன் நேர மூலமாக வைத்துக்கொள்ள முடியும். இடையில் வலையமைப்பே இல்லை.

இதற்குப் பின்னும் எஞ்சுவது லைவ் மைக்ரேஷன் சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டை வேறொரு ஹோஸ்டுக்கு மாற்றும்போது அடியிலுள்ள அலையியற்றியே மாறுகிறது. பழைய திருத்தக் கணக்கு செல்லாது. அது கெஸ்டுக்குத் தெரிவதோ அடுத்த சில அளவீடுகளுக்குப் பிறகு. அதற்குள் ஒரு தரவுத்தளம் தவறான நேர முத்திரைகளோடு பரிவர்த்தனைகளைப் பதிந்திருக்கலாம். 2025 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.13 சேர்த்துக்கொண்ட வி.எம்.கிளாக் இந்த இடத்தைத்தான் அடைக்கிறது. எண்ணிக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை, கெஸ்ட் படிக்கக்கூடிய நினைவகத்தில் ஹோஸ்ட் எழுதுகிறது. இடமாற்றம் நடந்தால் ஓர் இடையூறு எண்ணை மாற்றுகிறது. பயன்பாட்டு மென்பொருளே அந்த எண்ணைப் பார்த்து, தன் கடிகாரத்தை நம்பலாமா என்று முடிவுசெய்யலாம்.

‘பிறருடைய ஹோஸ்டை எப்படி நம்புவது?’ என்ற மறுப்பு வலுவானது. ஆனாலும் வழக்கமான மெய்நிகர் இயந்திரத்தில் பிராசஸரை நிறுத்தவும் நினைவகத்தைப் படிக்கவும் ஹோஸ்டால் முடியும். அப்படிப்பட்ட ஹோஸ்டிடமிருந்து கெஸ்டின் என்.டி.பி. எந்தக் காப்பும் தராது. சாட்சி வேண்டுமென்றால் குரோனியில் வெளிச் சர்வரை ‘நோசெலக்ட்’ என்று குறிக்கலாம்: அது கடிகாரத்தைத் தொடாது, விலகலை மட்டும் காட்டும். ஹைப்பர்வைசர் கருவிகளும் என்.டி.பி.யும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் நிலை மட்டும் கூடவே கூடாது.

இந்தியச் சீர்நேரத்தைச் சட்டமுறை அளவியலின்கீழ்க் கொண்டுவரும் வரைவு விதிகள் 2025 ஜனவரியில் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டன. அவ்விதிகளும் செர்ட்-இன் ஆணையும் ஹோஸ்டிலிருந்து கெஸ்டுக்கு நேரம் போகும் வழியையும், இடமாற்றத்துக்குப் பின் கெஸ்டின் நேரப்பிழை எவ்வளவு என்பதையும் தணிக்கையில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மதுரையின் இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் சர்வர் நடத்துவோர் விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதற்கான டிரைவர் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது.