தோப்பு மண்ணுக்குள் ஒரு துறைமுகம்

 

முன்னோர் வரலாற்றைக் கிதாபுகளில் தேடும் நாம், காலடி மண்ணைக் கவனிப்பது குறைவு. இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்குக் கிழக்கே கடலோரத்தில் பெரியபட்டினம் என்னும் ஊர் உள்ளது. அதன் தோப்பு நிலங்களில் உடைந்த பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பல வெளிர்பச்சை மெருகுடையவை, சில வெண்ணிறம், சிலவற்றில் நீலப் பூவேலை. 1987ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழாய்வு நடத்தியது. அவ்வோடுகளுள் பெரும்பாலானவை 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சீன தேசத்துச் சூளைகளில் சுடப்பட்டவை என அறிஞர்கள் கண்டனர். பச்சை மெருகுடையவை அந்நாட்டு லோங்சுவான் பகுதியின் வேலைப்பாடு.

உழவுக்குச் சென்றோர் கல்லென எண்ணித் தள்ளியவை, மரக்கலங்கள் வந்து நின்ற ஒரு துறையின் சாட்சிகள்!

அவ்வூருக்கு அண்மையில் உள்ளது திருப்புல்லாணி. அங்குள்ள பெருமாள் கோயிலில் பாண்டிய மன்னர் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தின் கீழ்ப்புறம் சோனகர் கட்டிய பிழார்ப்பள்ளி என்னும் பள்ளிவாசலுக்கு மன்னர் அளித்த கொடையை அது கூறுகிறது. அப்பட்டினமே இன்றைய பெரியபட்டினம் என்பது ஆய்வாளர் கருத்து. பள்ளிவாசலின் கொடை ஆவணத்தைக் கோயிற் சுவர் இத்தனை நூற்றாண்டுகள் காத்து நிற்பதை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

நிற்க. 1344ஆம் ஆண்டளவில் மஃபர் நாட்டுக்கு வந்த பயணி இப்னு பதூதா, ஃபத்தன் என்னும் துறைமுக நகரைக் கண்டு எழுதியுள்ளார். கடலுக்குள் தடித்த மரங்களை ஊன்றி எழுப்பிய மேடை, கல்லாலான அழகிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை ஆகியவற்றை அவர் குறிப்பிடுகிறார். (இராமநாதபுரத்து வெயிலை அறிந்தவர்களுக்குத் திராட்சை வியப்பாகவே இருக்கும்!) ஃபத்தன் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா அது பெரியபட்டினமே என்றார். பயணியின் சொல்லுக்கு மண்ணின் சான்று துணை நிற்பதால் நாமும் அக்கருத்தின் பக்கமே சாய்கிறோம்.

இதை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. ஓர் ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதே ஆய்வாளருக்குச் செய்தி. வீட்டுக்கு எடுத்துச் சென்று அலமாரியில் வைத்துவிட்டால் அது வெறும் ஓடு. வீட்டு மனைக்காகத் தோண்டிய மண் லாரியில் ஏறிவிட்டாலோ அதுவும் மிஞ்சாது. எனவே கடைக்காலோ கிணறோ தோண்டும்போது பழம்பொருள் தென்பட்டால் வேலையை நிறுத்தி, பொருளை அசைக்காமல், கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

மையவாடியில் சாய்ந்து கிடக்கும் எழுத்துள்ள மீஸான் கற்களுக்கும் இதையே சொல்வோம். அவற்றைச் சுண்ணாம்பு பூசி மறைக்கவோ, படிக்கல்லாகப் போடவோ வேண்டாம். அரபி எழுத்தாயின் மதரஸாவுக்கு வந்து சொல்லுங்கள். நாமே வந்து படித்துப் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் ஜமாஅத் பதிவேட்டில் எழுதி வைக்கிறோம்.