யாருடைய பிரதிநிதிகள்?

தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கும் கிராணிமாருக்குத் தேர்தல் காலத்தில் ஒரு தனி வேலை வந்து சேரும். செக்ரோல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அபேட்சகர் வரும் நேரத்திற்கு ஆட்களைக் கூட்டி நிறுத்துவது, நாற்காலி போடுவது, மாலை வாங்கி வைப்பது, அவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசினால் அதைத் தமிழில் எடுத்துச் சொல்வது ஆகிய காரியங்களெல்லாம் நம் தலையில் விழும். சில வருஷங்களுக்கு முன் உலு திராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாம் அவ்வேலையைச் செய்தோம். வந்தவர் எக்கட்சியினர் என்பது இங்கே அவசியமில்லை. பெரட்டுக் களத்தில் நின்ற கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார், படம் பிடித்தார்கள், கார் புறப்பட்டுப் போயிற்று. புழுதி அடங்கியதும் அந்த அம்மாள் நம்மிடம் வந்து, "கிராணி ஐயா, எனக்குச் சிவப்பு ஐ.சி. தானே, ஓட்டே கிடையாதே! அது தெரியாமலா அவரு என் காலத் தொட்டாரு?" என்று கேட்டாள்.

சிவப்பு அடையாளக் கார்டு நிரந்தரவாசிக்கு உரியது. அதை வைத்திருப்பவர் இந்நாட்டில் வாழலாம், உழைக்கலாம். ஓட்டுப் போட முடியாது. அந்த அம்மாளோ இத்தோட்டத்து லயத்தில் பிறந்து, நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவள். நாம் அவளுக்கு விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தபோது, இந்நாட்டுத் தமிழர் அரசியலின் முக்கால் நூற்றாண்டுச் சரித்திரம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றிற்று. ஓட்டில்லாத மக்களின் பெயரால், பிறர் ஓட்டினால் பதவி பெற்றவர்கள் யாருக்குக் கணக்குக் காட்டுவார்கள்? இதுவே நாம் இங்கு ஆராய விரும்பும் விஷயம்.

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தோன்றியது. யுத்தம் முடிந்து ஒரு வருஷமே ஆகியிருந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தோட்டத் தமிழரில் எண்ணற்றோர் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு உடையுமில்லை, உணவுமில்லை. அச்சமயம் அவர்களுக்காகப் பேச ஒரு ஸ்தாபனம் வேண்டுமென்பதில் யாருக்கும் ஐயமிருந்திருக்க முடியாது. முதல் தலைவராக வந்தவர் ஜான் திவி என்னும் பாரிஸ்டர். அவருக்குப் பின் 1947-ல் புத் சிங், 1950-ல் கே. ராமநாதன், 1951-ல் கே. எல். தேவாசர் என்னும் பஞ்சாபி வக்கீல் எனத் தலைமை மாறிற்று. கல்வியிலும் திறமையிலும் இவர்கள் குறைந்தவர்களல்லர். ஆனால் இந்நாட்டு இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர், அவரில் பெரும்பாலோர் தோட்டத்து ஆட்கள் என்றிருக்க, ஸ்தாபனத்தின் ஆரம்ப காலத் தலைமையோ பட்டணத்தில் இருந்தது. அதன் பாஷையோ பெரும்பாலும் ஆங்கிலமாக இருந்தது.

ஆரம்பத்தில் அக்கட்சி யோக்கியமான ஒரு நிலையை எடுத்தது என்பதை மறைத்தல் நியாயமாகாது. வெள்ளைக்கார சர்க்கார் கூட்டரசுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, எல்லா இனத்தாருக்கும் நியாயமான குடியுரிமை வேண்டுமென்று கேட்ட அகில மலாயாக் கூட்டு நடவடிக்கைக் கவுன்சிலில் ம.இ.கா. சேர்ந்து நின்றது. 1947 அக்டோபர் 20-ந் தேதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. கடைகள் மூடின; வேலை நின்றது. அப்படியிருந்தும் 1948 பிப்ரவரி 1-ந் தேதி கூட்டரசு ஏற்பட்டுவிட்டது. குடியுரிமைக்கு வருஷக் கணக்கும் பாஷைத் தகுதியும் விதித்த அத்திட்டத்தில், லயத்தில் வாழ்ந்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

அதன்பின் கட்சி வேறு வழி தேடிற்று. 1952-ல் நடந்த கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில் தேவாசர் தலைமையிலிருந்த ம.இ.கா., டத்தோ ஓன் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சியின் பக்கம் நின்றது. 12 இடங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் சேர்ந்து 9 இடங்களைப் பிடித்தன. 1954-ல், தான் எதிர்த்து நின்ற அதே கூட்டணிக்குள் ம.இ.கா. போய்ச் சேர்ந்தது. அரசியலில் இடம் மாறுவது பாவமன்று. ஏன் மாறினோம் என்பதைத் தோட்டந்தோறும் போய் ஆட்களிடம் சொன்னார்களா, அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டார்களா என்பதுதான் கேள்வி. தலைவர்கள் பேசினார்கள், தலைவர்கள் முடிவு செய்தார்கள். லயத்தான் பத்திரிகை படித்துத் தெரிந்துகொண்டான். படிக்கத் தெரியாதவன் அடுத்தவன் சொல்லக் கேட்டான்.

1955 ஜூலை 27-ந் தேதி முதல் பொதுத் தேர்தல் வந்தது. 52 இடங்கள். கூட்டணிக்குள் அம்னோவுக்கு 35, சீனர் சங்கத்துக்கு 15, ம.இ.கா.வுக்கு 2 என்று பங்கு பிரிக்கப்பட்டது. 51 இடங்களைக் கூட்டணி வென்றது, ம.இ.கா.வின் இரண்டும் அதில் அடக்கம். வாசகர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அன்றிருந்த வாக்காளர்களில் 100-க்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியரும் மற்றோரும் சேர்ந்து 5 பேருக்கும் குறைவு. ஆகவே அந்த இரு இந்தியப் பிரதிநிதிகளையும் சட்டசபைக்கு அனுப்பியது இந்தியர் ஓட்டன்று. கூட்டணியின் சின்னம் அனுப்பிற்று; மலாய்க்காரரின் நம்பிக்கை அனுப்பிற்று. மாற்றினத்தார் நமக்கு ஓட்டளித்தது பெருமைக்குரியதே. ஆயினும் அன்று ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. இந்தியரின் பிரதிநிதி ஆவதற்கு இந்தியரிடம் நல்ல பெயர் எடுப்பதைவிட, பங்கு பிரிக்கும் அறையில் ஓர் இடம் பிடிப்பதே போதுமென்ற பழக்கம் அது.

அதே 1955-ல் தேவாசரை நீக்கித் தலைமைக்கு வந்தவர் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தமிழில் மேடையேறித் தமிழரைக் கட்சிக்குள் கொண்டுவந்தவர். 1957-ல் சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமை விதிகள் தளர்ந்ததில் அவர் கட்சிக்கும் பங்குண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்க, ஆட்கள் லயத்தைவிட்டுத் துரத்தப்பட்ட நாளில், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தோட்டந்தோறும் போய்த் தொழிலாளியின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. கட்சிக்காரர்கள் ஆட்களுடைய வாசலில் நின்று பேசிய காலத்தில் எது சாத்தியமாயிற்று என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் அக்காலத்திலேயே மறுபக்கமும் தெரிந்தது. 1969-ல் குடியுரிமையில்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் எழுதத் தெரியாமலும், எழுதிக் கொடுக்க ஆளில்லாமலும், காலத்தே குடியுரிமை கேளாமலும் இருந்த தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளையும் உடன் கொண்டுபோனார்கள். அக்காலத்தில் தொழிலமைச்சராக இருந்தவரும் ம.இ.கா. தலைவர்களில் ஒருவரே. போனவர்கள் ஓட்டுள்ளவர்களாக இருந்திருந்தால் கட்சி அவ்வளவு அமைதியாக இருந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி நாணயத்தைப் பற்றிய விஷயம். 1982-ல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்னும் கம்பெனி கட்சியின் ஆதரவில் ஏற்பட்டது. இந்தியர் பொருளாதாரத்தில் உயர இதுவே வழி என்று மேடைதோறும் பிரசங்கம் நடந்தது. சுமார் 66,000 பேர் பங்கு வாங்கினர். பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்தது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பணம் கட்டியவர்கள் உண்டு. 1990-ல் சர்க்கார் டெலிகாம் பங்குகளில் ஒரு கோடியை மைக்காவுக்கு ஒதுக்கிற்று. மைக்காவுக்கு வந்து சேர்ந்தவை 10 லட்சம். மற்ற 90 லட்சம் பங்குகள் வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போயின. 1992-ல் இது வெளியே வந்து பெருங் கலவரமாயிற்று. ஊழல் தடுப்பு அதிகாரிகள் விசாரித்தார்கள். யார்மீதும் வழக்கு வரவில்லை. ஆகவே இன்னார் குற்றவாளி என்று நாம் எழுதுவதற்கில்லை. ஆனால் நீதிமன்றத்தில் குற்றமாகாதது எல்லாம் மக்கள் மன்றத்தில் நாணயமாகிவிடாது. கணக்கைப் பாமரனுக்குப் புரியும்படி சபையில் வைக்க வேண்டிய கடமை ஒன்றுண்டு. 2010-ல் வேறொரு கம்பெனி, ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 காசு கொடுத்து வாங்க முன்வந்ததோடு அக்கதை ஓய்ந்தது. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து, போட்ட முதலிலேயே ஐந்தில் ஒரு பங்கை இழப்பதற்கா நகையை அடகு வைத்தார்கள்?

இத்தனை நடந்தும் தலைமை அசையவில்லை. சுங்கை சிப்புட் தொகுதியில் 1974 முதல் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவே தொடர்ந்து வென்று வந்தார். 2004-ல் கட்சி போட்டியிட்ட 9 பார்லிமெண்ட் இடங்களிலும் வென்றது. அவ்வெற்றியை மக்களின் நற்சாட்சிப் பத்திரமாகத் தலைவர்கள் எடுத்துக்கொண்டார்கள் போலும். 2007 நவம்பர் 25-ந் தேதி ஹிண்ட்ராப் அழைப்பில் பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டு கண்ணீர்ப் புகையில் நின்றபோதுதான் உண்மை நிலை ஊருக்குத் தெரிந்தது. 2008 மார்ச் 8-ந் தேதி 9 இடங்களில் 6 போயின. தலைவரே சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார். 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் கட்சிக்கு மிஞ்சிய பார்லிமெண்ட் இடம் தாப்பா ஒன்றே.

இதைப் படித்து, "கட்சி ஒழிந்தது, பீடை விட்டது" என்று மகிழும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் ஜெயக்குமார் தோட்ட மக்களோடு பல வருஷம் உழைத்த சோஷலிஸ்டு. 2008-லும் 2013-லும் பெரிய எதிர்க்கட்சியின் சின்னத்தில் நின்று வென்றார். 2018-ல் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றார்; அதே தொகுதியில் தோற்றார். அவர் உழைப்புக் குறையவில்லை, சின்னம் மட்டுமே மாறிற்று. ஆளைப் பாராமல் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போடும் வழக்கம் ஆளுங்கட்சிக்கு மட்டும் உரியதன்று. புதிய கட்சிகளும் பழைய அறையிலேயே உட்கார்ந்து பழைய கத்தியாலேயே பங்கு பிரிக்கின்றன.

நம் ஜொகூரையே பாருங்கள். 2022 மார்ச் 12-ந் தேதி நடந்த மாநிலத் தேர்தலில் ம.இ.கா. 4 இடங்களில் நின்று 3 இடங்களை வென்றது. அவற்றில் காஹாங், தெங்காரோ போன்றவை பெல்டா குடியேற்றங்கள் நிறைந்த, மலாய்க்காரர் பெரும்பான்மையான தொகுதிகள். இந்தியர் பெரும்பான்மையாயுள்ள பார்லிமெண்ட் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை என்பதும் மெய்யே. ஆகவே எவரும் பல இனத்தார் ஓட்டிலேதான் வெல்ல முடியும், அது நல்லதுதான். அதற்காக இந்தியரின் பெயரைச் சொல்லி இடம் கேட்பவர், இந்தியர் வாழும் இடத்தை அறியாதவராக இருக்க வேண்டுமென்ற நியதியில்லையே! உலு திராமைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்புத் தாமான்கள் வந்தன. மிஞ்சிய தோட்டங்களில் அயல்நாட்டு ஆட்களே மிகுதி. நம்மவர் அடுக்கு வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். இன்னும் பெரட்டுக் களத்தில் மாலை போட்டுக்கொள்ள வருகிற அபேட்சகர், நம் ஜனங்கள் இன்று எங்கிருக்கிறார்கள் என்பதையே அறியாதவர்.

பழி முழுவதையும் கட்சித் தலைவர்மீது சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. அந்தப் பட்டணத்துத் தலைவர்களும் நாமும் ஒரே ஜாடி. ஆங்கிலம் படித்தோம், துரைக்கும் ஆளுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஆட்களின் பேச்சைத் துரைக்கு மொழிபெயர்த்தபோது பாதியை விழுங்கினோம். அபேட்சகரின் பேச்சை ஆட்களுக்கு மொழிபெயர்த்தபோது இல்லாததைச் சேர்த்தோம். ஒரு விண்ணப்பத்தாள் எழுதிக் கொடுக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் எத்தனை கிராணிகளுக்கு எத்தனை வருஷம் கிடைக்காமற் போயிற்று! அந்த மூதாட்டியின் சிவப்புக் கார்டில் நம் வர்க்கத்தின் சோம்பலும் சேர்ந்திருக்கிறது.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமகன் ஒவ்வொருவனும் விண்ணப்பமின்றியே வாக்காளனாகிறான். இளைஞர்களுக்கு இனிச் சாக்கில்லை. அபேட்சகர் வந்தால் அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. உம்மை இத்தொகுதிக்குத் தேர்ந்தெடுத்தது யார்? இவ்வட்டாரத்தில் குடியுரிமையில்லாத நம்மவர் எத்தனை பேர் என்று உமக்குத் தெரியுமா? உம் கட்சி எங்கள் பெயரால் வாங்கிய பணத்துக்குக் கணக்கு எங்கே? இம்மூன்றுக்கும் விடை சொல்பவர் எந்த இனத்தவராயினும், எந்தச் சின்னத்தினராயினும் நம் பிரதிநிதியாகத் தக்கவர்.

அந்த அம்மாளுக்கு நாம் காலந்தாழ்ந்து செய்தது ஒன்றே. பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போய் அவளுடைய குடியுரிமை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தோம். விடை இன்னும் வரவில்லை. அடுத்த தேர்தலில் நாற்காலி போட நாம் போவதாக இல்லை. அந்நேரத்தில் இன்னும் சில தாள்கள் எழுத வேண்டியிருக்கிறது.