நீராவி உழுத நிலம்



உழவு இயந்திரம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பெரிய பின்சில்லுகளோடு வயலில் இறங்கி ஓடும் ட்ரக்டர்தான். அந்தப் பெயரை நாம் அதற்கே உரிமையாக்கிவிட்டோம். ஆனால், வயலுக்குள் ஓர் அடியும் எடுத்துவைக்காமல் வயலை உழுத இயந்திரம் ஒன்றும் உலகில் இருந்தது. அதுவே இங்கிலாந்தின் நீராவி உழவு எஞ்சின். அதன் கதை இரும்பின் கதை மட்டுமன்று, பசியின் கதையுங்கூட.

1845ஆம் ஆண்டில் அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்திலே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். 1849இல் அந்நாட்டுக்குச் சென்றார் ஜோன் பௌலர் என்ற இளைஞர். வில்ற்சயர் மாவட்டத்தின் மெல்க்சம் என்னும் ஊரில் 1826இல் பிறந்தவர். குவேக்கர் சமயக் குடும்பத்தவர். ஒருபுறம் மக்கள் உணவின்றி மடிய, மறுபுறம் பெருநிலப்பரப்பு நீர் தேங்கிப் பயிரின்றிக் கிடப்பதை அவர் கண்ணுற்றார். அந்த நீரை வடித்துவிட்டால் நிலம் சோறு போடுமே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

நிலத்தின் அடியிலே துளையிட்டு நீர்வடி குழாய்களைப் பதிக்கும் கலப்பையொன்றை அவர் அமைத்தார். அதனை இழுக்கக் குதிரைகள் மிகவும் சிரமப்பட்டன. குதிரை செய்ய முடியாததை நீராவி செய்யாதா? வடிகாலுக்காக எழுந்த இக்கேள்வியே அவரை உழவுக்கு இட்டுச்சென்றது.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு. நீராவி எஞ்சின் பல தொன் நிறையுடையது. அதனைக் கலப்பையோடு பூட்டி வயலில் இறக்கினால் ஈரமண்ணில் புதைந்துபோகும்; புதையாவிட்டாலும் மண்ணை மிதித்து இறுக்கிவிடும். மண்ணை நெகிழ்த்த வந்ததே மண்ணை இறுக்கினால் உழவு எங்ஙனம் நடக்கும்? ஆகவே, எஞ்சின் வயலோரத்தில் நிற்கட்டும், கலப்பை மட்டும் வயலுக்குள் போகட்டும் என்று முடிவு செய்தார் பௌலர்.

முதலில் ஓர் ஓரத்தில் எஞ்சினும் எதிர் ஓரத்தில் நங்கூர வண்டியுமாக அவருடைய முறை அமைந்தது. குதிரை ஏருக்கு ஈடாகச் சிக்கனமாக உழும் நீராவிக் கருவிக்கு இங்கிலாந்தின் அரச விவசாயச் சங்கம் அறிவித்திருந்த 500 பவுண் பரிசு, 1858இல் செஸ்ரர் நகரக் காட்சியிலே அவருக்குக் கிடைத்தது. பின்னர் இரட்டை எஞ்சின் முறை வந்தது. வயலின் இரு ஓரங்களிலும் ஒவ்வோர் எஞ்சின். கொதிகலனின் வயிற்றுக்கீழே கிடையாகச் சுழலும் பெரிய உருளை. அதிலே சுற்றிய உருக்குக் கம்பி வடம். இந்த எஞ்சின் இழுக்கும்போது அந்த எஞ்சின் வடத்தை நெகிழவிடும். கலப்பை கரை சேர்ந்ததும் எஞ்சின் சற்று முன்னே நகர்ந்து நிற்கும். அடுத்த முறை இழுப்பது எதிர்க்கரை எஞ்சின்.

கலப்பையும் புதுமையானதே. நடுவிலே சில்லுகள், இரு புறமும் கொழுக்கள். தராசுத் தட்டுகள் போல ஒரு புறம் தாழ மறுபுறம் உயரும். ஏரைத் திருப்பவேண்டிய தேவையே இல்லை. ஒரு சோடிக் குதிரை நாளொன்றுக்கு ஓர் ஏக்கர் அளவிலே உழ, இவ்வெஞ்சின்கள் நல்ல நிலத்தில் பத்து ஏக்கருக்கு மேலும் உழுதன.

பௌலர் தம் வெற்றியின் முழுப்பயனைக் காணவில்லை. வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்த காயம் ஏற்பு நோயாக மாற, 1864 டிசெம்பரில், முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். லீட்ஸ் நகரில் அவர் நிறுவிய தொழிற்சாலை அவருக்குப் பின்னும் பல தசாப்தங்கள் உலகெங்கும் எஞ்சின்களை அனுப்பியது.

இலக்கிய நேயர்களுக்கு ஒரு செய்தி. அத்தொழிற்சாலையின் பொறியியலாளராக எகிப்துக்குச் சென்றவர் மக்ஸ் ஐத் என்ற ஜேர்மானியர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திக்குத் தட்டுப்பாடு ஏற்பட, நைல் நதிக்கரையில் பருத்தி விளைவிக்க நீராவி உழவு தேவைப்பட்ட காலம் அது. 1863 முதல் 1866 வரை ஹலீம் பாஷாவிடம் பணியாற்றிய ஐத், பிற்காலத்தில் அவ்வனுபவங்களைக் கதைகளாக்கி, 1899இல் கலப்பையையும் பட்டறைப் பற்றிறுக்கியையும் பெயரிலே தாங்கிய நூலொன்றை வெளியிட்டார். எண்ணெய்க் கறை படிந்த கையும் எழுதுகோல் பிடிக்கும் என்பதற்கு அவர் சான்று.

ஆனால் இந்த எஞ்சின்களின் வரலாற்றில் பெயரில்லாதோரே அதிகம். ஒரு சோடியோடு பொதுவாக ஐவர் செல்வர்: மேற்பார்வையாளர், இரு சாரதிகள், கலப்பைமேல் அமர்பவர், சமையற் சிறுவன். சில்லுகள் பூட்டிய மரவீட்டிலே உறங்கி, பண்ணைக்குப் பண்ணை பெயர்ந்து, மாதக்கணக்கில் வீடு காணாது உழைத்தனர். வயலின் அகலத்தில் குரல் எட்டாது; ஆகவே எஞ்சினின் விசில் ஒலியே அவர்களுடைய மொழி. பசித்த ஏழைகளை எண்ணி எழுந்த முயற்சியாயினும், இந்த எஞ்சின்களைச் சொந்தமாக வாங்கும் வசதி பெரும்பண்ணையாருக்கும் வாடகைக்கு உழுவோருக்குமே இருந்தது. வரலாற்றின் முரண்களில் இதுவும் ஒன்று.

முதலாம் உலகப்போரில் உணவுத் தட்டுப்பாடு நெருக்கியபோது இங்கிலாந்து அரசே இவற்றைப் பெருமளவில் நாடியது. போர் முடிந்து 1921இல் தானிய விலை வீழ்ந்தது, ட்ரக்டரும் வந்துவிட்டது. ஒருகாலத்தில் வயலை ஆண்டவை குளந்தூர்வாரப் போயின. பின்னர் பழைய இரும்பு விலைக்குப் போயின.

மீட்சி விளையாட்டாகவே தொடங்கியது. 1950இல் அப்பிள்போர்ட் கிராமத்து விவசாயி ஆதர் நப்பர், சிறு பீப்பாய் பியருக்குப் பந்தயம் வைத்துத் தம் பழைய நீராவி எஞ்சினை மற்றொன்றோடு ஓடவிட்டார். அதைக் காணக் கூடிய ஆர்வமே பழைய எஞ்சின் விழாக்களுக்கு வித்தானது. 1966இல் நீராவிக் கலப்பைக் கழகம் தோன்றியது. 1969இல் டோர்செற் மாவட்டத்தில் தொடங்கிய பெருவிழா, 2018இல் தன் ஐம்பதாவது விழாவைக் கண்டது.

இவ்விழாக்களில் நீராவி உழவைக் காட்டுவது எளிதன்று. மற்றை எஞ்சின் ஒன்றேயாயினும் ஓடிக்காட்டலாம். இதற்கோ சோடி வேண்டும். ஒன்று உருக்கு உலைக்குப் போயிருந்தால் மற்றது ஊமையாகும். அதனால் பிரிந்த சோடிகளைத் தேடிச் சேர்ப்பது அன்பர்களுக்கு ஒரு தவமாயிற்று. எஞ்சின் கிடைத்தாலும் போதாது. எந்த ஒலிக்கு வடத்தை இழுப்பது, எப்போது நெகிழ்ப்பது என்று அறிந்த முதியவரிடமிருந்து இளையவர் கற்றாகவேண்டும். பொருளைக் கொட்டகையில் வைத்துக் காக்கலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு காக்க முடியாது.

கொழு, மேழி, நுகம் ஆகிய சொற்களுக்கு வகுப்பறையில் பொருள் கூறும் ஆசிரியன் நான். ஏரைத் தொட்டறியாத மாணவருக்கு அவை வெறும் அரும்பதங்களே. சொல்லைக் காக்க அகராதி உண்டு. தொழிலைக் காக்க, அதனைச் செய்துகாட்டும் கை வேண்டும். ஆங்கில வயலோரத்தில் ஒரு விசில் ஒலிக்க, எதிர்க்கரையிலிருந்து மறுவிசில் பதிலளிக்கும்போது, அந்தக் கை இன்னும் இருக்கிறது என்பதை அறிகிறோம்.