தேய்வது எது?
தடுப்புக் கருவியின் வரலாறு பற்றிய ஒரு கட்டுரை

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலே மேடென்று சொல்லத்தக்க மேடு கிடையாது. மாட்டுவண்டிக் காலத்தில் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தலே இங்கு பெரும்பாலும் போதுமாயிருந்திருக்கும். ஆயினும் வடமேற்கே செங்கலடிக்குச் சென்று திரும்பினால், அங்கிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக ஒரு பெருவீதி மலைநாட்டுக்கு ஏறுகின்றது. அது சேரும் பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ளது. ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமன்றோ? 1000 கிலோகிராம் நிறையுள்ள மோட்டார் வண்டியொன்று பதுளையிலிருந்து கரைக்கு இறங்கும்போது இழக்கும் ஆற்றல், இருபது லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஒரு பகுதியை எஞ்சினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். மிகுதி முழுவதையும் வெப்பமாக ஏற்பது, வழக்கில் பிறேக்கு என்னும் தடுப்புக் கருவியே.

உராய்வின்றித் தடுப்பில்லை, தேய்வின்றி உராய்வில்லை. ஆகவே, உராயும் இரண்டு பொருள்களுள் எது தேயவேண்டும் என்பதே இக்கருவியை ஆக்கியோர் அனைவரும் எதிர்கொண்ட வினா. சில்லுத் தேய்ந்தால் வண்டியே பாழ். எனவே மலிவானதும் மாற்றுதற்கு எளியதுமான ஒன்றைத் தேயக் கொடுத்தல் வேண்டும். இங்கிலாந்தின் டாபிஷயர் மலைச்சரிவுகளில் வண்டியோட்டிகள் மரக்கட்டைத் தடுப்பின்மீது பழஞ்சப்பாத்துக்களைப் பொருத்தி இதனைச் செய்தனர். அதனைக் கண்ட ஹேர்பேட் புரூட் என்பார், 1897 ஆம் ஆண்டு தொடக்கம் அதனினும் சிறந்த உராய்வுப் பட்டைகளைச் செய்ய முற்பட்டார். தம் பெயரின் எழுத்துக்களோடு மனைவியார் எலிசபெத்தின் முதலெழுத்தையும் கலந்து 'பெரோடோ' எனத் தம் தொழிலுக்குப் பெயரிட்டார். பழஞ்சப்பாத்தினின்று ஒரு பெருந்தொழில் பிறந்தது.

1902 ஆம் ஆண்டு இருவேறு வழிகள் தோன்றின. பேர்மிங்ஹாமைச் சேர்ந்த பிரெடறிக் லான்செஸ்ரர், சில்லோடு சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் டிஸ்க் பிறேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். அவர் கையாண்ட செப்புப் பட்டைகளோ, காது கூசக் கிறீச்சிட்டன. அக்காலத்துப் புழுதி வீதிகளில் விரைந்து தேய்ந்தும் போயின. அதே ஆண்டில் பிரான்சில் லூயி ரெனோ அமைத்த டிரம் பிறேக்கில், பட்டைகள் மூடிய உருளைக்குள்ளே இருந்தன. புழுதிக்கு அஞ்சிய உலகம் ரெனோவின் வழியையே கைக்கொண்டது. மூடிய உருளைக்குள் வெப்பம் எளிதில் வெளியேறாது; நீண்ட இறக்கத்தில் பட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஓட்டிகள் கியரைக் குறைத்து எஞ்சினாலும் வண்டியை அடக்க வேண்டியிருப்பது இதனாலேயே. 1953 இல் லூ மான் ஓட்டப் போட்டியில் டிஸ்க் பிறேக்குப் பொருத்திய ஜகுவார் வென்றபின்பே லான்செஸ்ரரின் எண்ணத்திற்கு மறுவாழ்வு கிடைத்தது. 1955 இல் வெளிவந்த சிற்றோன் வண்டி அதனைப் பொதுமக்களிடம் கொணர்ந்தது. தமிழகத்திலும் 1962 இல் 'பிறேக்ஸ் இந்தியா' நிறுவனம் தொடங்கப்பெற்றது.

இவ்வரலாற்றின் கசப்பான பக்கம் வேறொன்று. பருத்தி முதலியவற்றாலான தொடக்ககாலப் பட்டைகள் வெப்பத்திற் கருகின. எரியாத நாராகிய கல்நாரை, அதாவது அஸ்பெஸ்டோஸை, புரூட் 1908 அளவில் கலந்தார். அது மிக நன்றாக வேலை செய்தது. துன்பமும் அங்கேயே தொடங்கிற்று. தேயக் கொடுத்த பொருள் மறைந்துபோவதில்லை, தூளாகின்றது என்பதை எவரும் எண்ணிப் பார்த்திலர். 1924 இல் ரொச்டேல் நகரில், கல்நார் நூற்பாலைத் தொழிலாளியான நெல்லி கேர்ஷோ என்னும் பெண் முப்பத்துமூன்று வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலிற் கண்டதை வைத்தியர் வில்லியம் குக் அவ்வாண்டே மருத்துவ இதழொன்றில் எழுதினார். அங்ஙனமிருந்தும் பிரித்தானியா கல்நாரை முற்றாகத் தடைசெய்தது 1999 ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட எழுபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ தொழிற்கூடங்களில் டிரம்மைக் கழற்றிய இளைஞர்கள், உள்ளே சேர்ந்த தூளைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளினர். சில்லைக் காக்கும் பொருளைத் தேடியவர்கள், அதனைக் கழற்றுபவனைப்பற்றி நினைத்திலர் என்பதே என் துணிபு.

இன்றைய பட்டைகள் பிசினோடு உலோகத் துகளும் வேறு நார்களும் சேர்ந்தவை. பழைய வண்டியிலோ எங்ஙனம் செய்யப்பட்டதென்று அறியாத பட்டையிலோ கைவைப்போர், தூளை ஊதாது ஈரத்தாற் கழுவி எடுத்தலே தக்கது. டிஸ்க் தட்டும் முற்றிலும் தேயாப் பொருளன்று. வார்ப்பிரும்பாலான அது பட்டையைவிட மெதுவாகத் தேயும். இதற்குமேல் மெலியலாகாது என்னும் குறைந்தபட்சத் தடிப்பை அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருப்பர். புதிய பட்டையை மட்டும் இட்டு, மெலிந்த தட்டை விட்டுவைப்பது பொய்ச் சிக்கனம். மெலிந்த தட்டு வெப்பத்தைத் தாங்காது. மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றுவர். இல்லையேல் மிதித்தவுடன் வண்டி ஒருபுறமாக இழுக்கும்.

புளியந்தீவு வண்டிகளுக்குக் கடற்காற்றால் வரும் கேடும் உண்டு. ஓரிரவு நின்ற வண்டியின் தட்டிற் படியும் மெல்லிய துருவை, காலையில் இரண்டு மூன்று முறை மிதித்தால் பட்டையே துடைத்துவிடும். மாதக்கணக்கில் ஓடாது நின்றால் துரு தட்டில் குழியாக இறங்கும். பின்னர் அக்குழியின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் புதிய பட்டையை அரம்போல் அராவும்.