நெட்டைக் குழாயின் கதை

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் போட்டா வண்டி பறக்கும்னு நம்பும் ஹாஸ்டல் தம்பிகளுக்கு ஒரு பழைய கதை.

1950களின் இறுதி. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியின் இளம் எஞ்சினியர்கள் சிலர் 'ராம்சார்ஜர்ஸ்' என்ற கிளப் அமைத்து, வேலை நேரம் போக, 1949 மாடல் பிளிமத் கார் ஒன்றை ரேஸுக்குத் தயார் செய்தனர். எஞ்சினுக்குக் காற்று போக, பானெட்டுக்கு மேலே நெட்டைக் குழாய்கள்!

அலங்காரம் இல்லை, கணக்கு. வால்வு மூடும்போது எழும் அழுத்த அலை, குழாயின் மேல்முனை வரை போய்த் திரும்பும். வால்வு மீண்டும் திறக்கும் நேரம் பார்த்து அது வந்தால், கூடுதல் காற்று உள்ளே போகும். நீளக் குழாய் குறைந்த ஆர்.பி.எம்.முக்கு, குட்டைக் குழாய் அதிக ஆர்.பி.எம்.முக்கு.

1959 டெட்ராய்ட் தேசியப் போட்டியில் அந்தக் கார் ஓடியது. 1960ல் கிரைஸ்லர் விற்ற 300எஃப் காரிலும் 30 அங்குலக் குழாய்கள் இருந்தன.

எல்லாம் நம்ம ஒலியியல் பாடம்தான் தம்பிகளா! ஸ்பானருக்கு முன்னால் ஸ்கேலை எடுங்கள்.