பெரம்பலூர், அரியலூர்: மருத்துவ, மருந்தியல் கல்வி

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு மருத்துவக் கல்வி மிகத் தாமதமாகவே வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வித்திட்ட பள்ளி 1835-லேயே தொடங்கிவிட்டது. இந்த மானாவாரிச் சீமையில் முதல் மருத்துவக் கல்லூரி திறக்க 2011 ஆனது. அதுவரை டாக்டருக்குப் படிக்க விரும்பியவர்கள் வெளியூருக்குத்தான் போனார்கள். தஞ்சாவூரில் 1959-லும், திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் 1997-லும் அரசுக் கல்லூரிகள் வந்ததால் தொலைவு சற்றுக் குறைந்தது, அவ்வளவே.

டாக்டர் இல்லாத இடங்களில் கம்பவுண்டர் இருந்தார். மிக்சர் கலக்கி, பாட்டிலில் வேளைக் கணக்குக்குத் தாள் ஒட்டிக் கொடுத்த அவரைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பாதி டாக்டராகவே மதித்தன. அவர் கல்லூரியில் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. 1948-ல் வந்த மருந்தியல் சட்டம்தான் பதிவேட்டைக் கொண்டுவந்தது. அதுவும் முதல் பதிவேட்டில், மருந்து கலப்பதில் ஐந்தாண்டு அனுபவம் பெற்ற பழைய கைகளுக்கு இடம் விட்டது. நியாயமான ஏற்பாடு. இன்று டி.பார்ம் இரண்டாண்டு, பி.பார்ம் நான்காண்டு. டி.பார்ம் தேறியவர் பதிவு பெறுவதற்கு முன் 500 மணி நேரம் மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ நின்று பழக வேண்டும்.

கல்லூரிக்கு முன்பே மருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தது. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். இருப்புக் கணக்கு, காலாவதித் தேதி, ஓ.பி. சீட்டோடு நிற்கும் வரிசை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பதே மருந்தாளுநரின் அன்றாடம். பாடப்புத்தகம் இதற்கு ஆளைப் பாதிதான் தயார்செய்யும்.

2011-ல் பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தொடங்கிய தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரி தனியாருடையது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-ல் மீண்டும் பிரிந்த ஊர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 12 ஜனவரி 2022 அன்று, தமிழ்நாட்டின் 11 புதிய கல்லூரிகளில் ஒன்றாகத் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள்.

அந்தக் கல்லூரி வருவதற்குள் அரியலூர் மாவட்டம் நாடறிந்த துயரம் ஒன்றைப் பார்த்துவிட்டது. குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். பழைய முறையில் அவருடைய கட்-ஆஃப் 196.75, இடம் கிடைத்திருக்கும். நீட் மதிப்பெண்ணே அளவுகோலான 2017-ல் அது கைவிட்டுப் போனது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அவர், அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். 2023-ல் அரியலூர் கல்லூரியின் அரங்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-லேயே சட்டமாகியிருந்தது.

பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி என்ற கோரிக்கை மட்டும் பாக்கி. தென்காசி, இராணிப்பேட்டை, மயிலாடுதுறை மாவட்டங்களும் 2022 திறப்பு விழாப் பட்டியலில் இடம்பெறாமல் அதே வரிசையில் நின்றன.