மராமத்தும் கரைவழியும்
காவிரிப் படுகைப் பாதைகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழிக்குள் குடியேறி நிலைத்துவிட்ட அயற்சொற்கள், அம்மக்களின் வாழ்வில் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்களுக்குச் சான்று கூறுவன. தஞ்சைத் தரணியின் உழவர் நாவில் இன்றும் வழங்கும் ‘குடிமராமத்து’ என்னும் சொல் அத்தகையது. ‘குடி’ தமிழ், ‘மராமத்து’ பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. ஆற்று மதகைத் திறந்து மூடும் கடைநிலை ஊழியரை டெல்டா மக்கள் ‘லஸ்கர்’ என்றே அழைக்கின்றனர். படையைக் குறிக்கும் ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல்லே அது. உழவரின் வரிக்கணக்கைக் காட்டும் ‘பசலி’ ஆண்டும் இவ்வழி வந்ததே.

ஏறத்தாழ இதே நிலையை ஸ்பெயின் நாட்டிலும் காண்கிறோம். அங்குப் பாசன வாய்க்காலுக்கு ‘அஸேகியா’ என்று பெயர். அரபு மொழியின் ‘அஸ்ஸாகியா’வே அது. நீரிறைக்கும் சக்கரமான ‘நோரியா’, ‘நாஊரா’விலிருந்து பிறந்தது. அரிசியைக் குறிக்கும் ‘அர்ரோஸ்’, ‘அர்ருஸ்’ என்பதன் திரிபு. பேராறான குவாதல்கிவீர், ‘அல்வாதில் கபீர்’, அதாவது ‘பெரிய ஆறு’ என்னும் பெயரையே இன்றும் தாங்கி ஓடுகிறது. ஆட்சி போனது, மக்களும் 1609ஆம் ஆண்டு முதல் நாடு கடத்தப்பட்டனர். ஆயினும் வாய்க்காலும் அதன் பெயரும் எஞ்சின.

எவ்வாறு எஞ்சின என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா. 1238இல் வலென்சியா நகரைக் கைப்பற்றிய மன்னர் முதலாம் ஜைமே, முஸ்லிம்கள் காலத்தில் நிலவிய பாசன முறைமையே தொடர வேண்டுமெனச் சாசனம் அளித்தார். அங்குள்ள நீர்நடுவர் மன்றம் இன்றும் வியாழன்தோறும் நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயில் முன் கூடுகிறது. உழவர்களே தேர்ந்தெடுத்த நடுவர்கள், எழுத்து வழக்கின்றி வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கின்றனர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபாக ஏற்றது. வாய்க்கால் எவருடையதோ அவரே அதனைக் காப்பவர் என்னும் நெறி அங்கு முறியவில்லை.

கரையே வழியாதல்

காவிரிப் படுகையில் ஆறும் வழியும் இரண்டல்ல. கரிகாலன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கல்லணையில் பிரியும் நீர், காவிரி, வெண்ணாறு என இரண்டாகி, குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு, வீரசோழனாறு, திருமலைராயனாறு, பாமணியாறு, கோரையாறு எனப் பலவாகக் கிளைக்கிறது. ஆற்று மண்ணை அள்ளிக் கரை உயர்த்தினர். உயர்ந்த கரை வெள்ளத்தைத் தடுத்தது. அக்கரையே மழைக்காலத்தில் சேறின்றி நடப்பதற்குரிய ஒரே வழியுமாயிற்று. கரையைக் காப்பவர் அதன்மீது நடந்தாக வேண்டும். நடப்பவரின் கண்ணில் உடைப்பும் எலிவளையும் பட்டாக வேண்டும். எனவே கரைவழி என்பது போக்குவரத்துக்கு மட்டும் உரியதன்று. அதுவே ஆற்றின் காவலும் ஆகும்.

இவ்வழிகளில் உழவரும் வணிகரும் நடந்தனர். வழிபாட்டுப் பயணிகளும் நடந்தனர். 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது காதிர் வலி அவர்களின் தர்காவிற்குத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் 131 அடி உயரப் பெரிய மனோரா எழுப்பித் தந்தார். கந்தூரிக் காலத்தில் அம்மனோராவை நோக்கி மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தோரில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். இன்று ஆகஸ்டு மாத இறுதியில் காவியுடையில் வேளாங்கண்ணிக்கு நடப்போரும் அம்மரபினரே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அவர்கள் இப்போது நடப்பது பேருந்தும் லாரியும் விரையும் நெடுஞ்சாலையின் ஓரத்தில்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் அமைத்தார். படுகையின் நீர்வளம் பெருகியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறுகளின் பராமரிப்பு ஊராரின் கையிலிருந்து பொதுப்பணித் துறையின் கைக்குச் சென்றது. ஊராரின் மராமத்துக் கடமையை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டனைக்குரிய கடமையாக்கிற்று. உரிமையின்றிக் கடமை மட்டும் எஞ்சுமாயின் அது நெடுநாள் நிலைக்காது. 1924இன் பெருவெள்ளத்தில் காவிரிக் கரைகள் பல இடங்களில் உடைந்தன. 1934இல் மேட்டூர் அணையும், தஞ்சை மக்கள் ‘புது ஆறு’ என அழைக்கும் கல்லணைக் கால்வாயும் பயன்பாட்டிற்கு வந்தன.

இரும்புப் பாதையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

இடையே மற்றொரு கரையும் எழுந்தது. 1861, 1862ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தஞ்சை ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து வசூலித்த தனி வரியைக் கொண்டு மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதையை 1894இல் திறந்து, 1903இல் அறந்தாங்கி வரை நீட்டியது. உழவர் பணத்தில் ஓடிய தொடர்வண்டி அது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் கடல் கடந்து பொருளீட்டச் சென்றதற்கும் திரும்பியதற்கும் அப்பாதையின் நிலையங்கள் சாட்சி.

டேனியர் 1620 முதல் 1845 வரை ஆண்ட தரங்கம்பாடிக்கு 1926இல் மாயவரத்திலிருந்து ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. செம்பொன்னார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என வயல்களினூடே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்ற அப்பாதை, அறுபதாண்டுகள் உழைத்து 1986இல் மூடப்பட்டது. தண்டவாளம் போயிற்று, மண்மேடு கிடந்தது.

இவ்விடத்தில் மீண்டும் ஸ்பெயினை நோக்குவோம். அந்நாட்டிலும் பல கிளைப்பாதைகள் கைவிடப்பட்டன. 1993இல் அவற்றைப் ‘பசுமை வழிகள்’ ஆக்கும் திட்டம் தொடங்கியது. தண்டவாளம் அகன்ற மேட்டில் சரளை பரப்பினர். பாலங்களையும் குகைகளையும் செப்பனிட்டனர். நிலையக் கட்டடங்கள் சிலவற்றை விடுதிகளாக்கினர். இயந்திர ஊர்திகளுக்கு அங்கு இடமில்லை. மிதிவண்டிக்கும் நடைக்கும் மட்டுமே இடம். இன்று அவ்வழிகளின் மொத்த நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். ஹயேனிலிருந்து ஒலிவத் தோப்புகளினூடே செல்லும் ‘எண்ணெய் வழி’ ஏறத்தாழ 128 கிலோமீட்டர். குகை இடிந்ததால் 1973இல் மூடப்பட்ட வேறொரு பாதை, இன்று எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, அரபியர் ‘துர்தூஷா’ என்று அழைத்த தொர்தோஸா நகரை அடைகிறது.

தொடர்வண்டிப் பாதை மிதிவண்டிக்கு ஏற்றதாவது ஏன்? இருப்புப்பாதை செங்குத்தாக ஏறுவதில்லை; திடீரெனத் திரும்புவதுமில்லை. படுகையிலோ மற்றொரு நன்மையும் உண்டு. வயல் வடிகால் தடைப்படாதிருக்க நெடுகச் சிறுபாலங்கள் அமைத்து, வெள்ள மட்டத்திற்கு மேல் உயர்த்திய மேடு அது.

இது செல்வர்களின் பொழுதுபோக்கன்றோ என வினவலாம். மிதிவண்டி நம் நாட்டில் யாருடைய ஊர்தி என்பதை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றனர். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் தமிழக அரசு மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் மாணவர்க்கும் விரிவாக்கியது. வண்டியைக் கொடுத்தோம், வழியைக் கொடுத்தோமா? ஆற்றங்கரைகள் பல இன்று தார்ச்சாலைகளாகிக் கனரக ஊர்திகளைச் சுமக்கின்றன. பள்ளி செல்லும் சிறுமி கரைச்சரிவில் ஒதுங்கி நிற்கிறாள்.

மற்றொரு தடையும் கூறப்படும்: மூடிய பாதைகளில் மீண்டும் தொடர்வண்டி ஓட வேண்டுமன்றோ? வேண்டும். 1976இல் நின்ற நீடாமங்கலம் – மன்னார்குடித் தொடர்வண்டி 2011இல் மீண்டும் ஓடியது. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளிப் பாதை 2023இல் உயிர் பெற்றது. நிலம் பொதுவுடைமையாக எஞ்சியிருந்ததால்தான் அது இயன்றது. எவரும் நடவாத மேடு, சிறிது சிறிதாக வயலாகும், மனையாகும், பின்னர் வழக்காகும். மக்கள் நாள்தோறும் செல்லும் மேட்டை எவரும் எளிதில் கவர முடியாது. எனவே மிதிவண்டிப் பாதை நாளைய தொடர்வண்டிக்குப் பகையன்று. அதற்காக நிலத்தைக் காத்து வைக்கும் அமானிதம்.

வலென்சியாவின் நடுவர் மன்றம் நமக்குக் கூறுவதும் இதுவே. ஆட்சிகள் மாறும், பயன்படுத்துவோர் கைவிடாதவரை மரபு மாறாது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்னும் பெயரை மீட்டெடுத்து ஏரி, குளங்களைத் தூர்வாரியது. அம்முயற்சி நீரோடு நில்லாமல் கரைக்கும் நீள வேண்டும். மதகு திறக்க மிதிவண்டியில் செல்லும் லஸ்கரும், அவர் பின்னே பள்ளி செல்லும் சிறுமியும் அச்சமின்றிச் செல்லக்கூடிய கரையே உடைப்பெடுக்காத கரை. நம் முன்னோர் அதனையே மராமத்து என்றனர்.